கட்டைவிரலுக்குக் கீழே ஒரு குழி

சனிக்கிழமை மாலை ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு என் மகள் மாடிப்படியில் விழுந்தாள். இவ்வளவு சரியாக நேரம் சொல்லக் காரணம் அவளுடைய கைபேசி. தோழியோடு வீடியோவில் பேசிக்கொண்டே இறங்கியிருக்கிறாள். அழைப்பு அறுந்த நேரம் 5.20 என்று அதில் இருந்தது.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்போது பத்தொன்பது வயது. கையால்தான் பேசுவாள். வீடியோவில் பேசும்போது இடது கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பேசுவாள். கண் திரையிலேயே இருக்கும். பாளையங்கோட்டையில் நாங்கள் இருப்பது மாடி வீடு, படி வெளிப்பக்கம். கீழ்வீட்டில் முற்றம் கழுவிவிட்ட தண்ணீர் கடைசிப் படியில் நின்றிருக்கிறது. வழுக்கியபோது கைபேசிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று இடது கையை மேலே தூக்கிவிட்டு, வலது உள்ளங்கையை விரித்துத் தரையில் ஊன்றிவிட்டாள். மொத்த உடம்பும் அந்த ஒரு கையில் இறங்கியது. கைபேசியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

நான் அடுப்படியில் இருந்தேன். செருப்பு ஒன்று படியில் உருளும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது கீழே உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். விழுந்ததற்கு வெட்கப்பட்டுச் சிரிக்கிற சிரிப்பு. ஐந்தே நிமிடத்தில் மணிக்கட்டு வீங்கியது.

கீழ்வீட்டு அக்கா ஓடி வந்தார். "எளா, நான் கழுவின தண்ணியாளா? பாத்து வரக் கூடாதா பிள்ள? கண்ண எங்கன வச்சிட்டு வந்தா?"

"கண்ண போன்ல வச்சிட்டு வந்தாக்கா."

"இந்தப் போனத் தூக்கிக் கால்வாய்ல போடு மொதல்ல."

என் கணவர் கங்கைகொண்டானில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறார். அன்று மாலை ஷிப்ட். ஆட்டோ பிடித்து நாங்கள் இருவரும்தான் எலும்பு டாக்டரிடம் போனோம். சின்ன ஆஸ்பத்திரி, சனிக்கிழமைக் கூட்டம். படம் எடுத்து முடித்து டாக்டரின் அறைக்குள் போகும்போது எங்களுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வாரத்தில் ஒரு நாள் மனு வாங்குவோம். மக்கள் வரிசையில் வந்து என் முன்னால் நின்று பேசுவார்கள். ஒருவர் தன் வயலில் தொடங்கி, தம்பி பெண்டாட்டியின் வாய்க்கொழுப்பு வழியாக, போன வருஷம் செத்த மாட்டுக்குப் போய்த் திரும்ப வயலுக்கு வருவார். நான் பதிவேட்டில் ஒரே ஒரு வரி எழுதுவேன்: 'கடைமடைக்குப் பாசன நீர் கோரி.' அவ்வளவுதான் பத்தியில் இடம் உண்டு. பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன். என் வரி எந்தப் பிரிவுக்குப் போக வேண்டுமோ அங்கே சரியாகப் போகும். மேலதிகாரிகள் பாராட்டியிருக்கிறார்கள்.

வீட்டிலும் நான் இதைத்தான் செய்துவந்திருக்கிறேன். மகள் கையால் சொல்வதை மற்றவர்களுக்குச் சொல்வது நான். மற்றவர்கள் பேசுவதை அவளுக்குச் சொல்வதும் நான். கல்யாண வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் என் முழங்கையை இழுத்து 'என்ன, என்ன' என்பாள். 'ஏதோ வேடிக்கை' என்று கை காட்டிவிடுவேன். அவள் பள்ளியில் நடந்த சண்டையைப் பத்து நிமிடம் சொல்வாள். அத்தை கேட்டால் "ஃபிரண்டு கூடச் சண்டையாம்" என்பேன். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

டாக்டர் இளைஞர், நல்லவர். அவர் மேல் எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபடியே கேட்டார். "எங்கனம்மா வலிக்கு?"

நான் மகளிடம் கேட்டேன். அவள் இடது ஆள்காட்டி விரலால் வலது கையில் ஓர் இடத்தைக் காட்டினாள். கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு நரம்புகள் புடைத்து நடுவில் ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழி. அதைத் தொட்டுவிட்டுச் சொன்னாள்: 'இங்கே மட்டும். மேலே இல்லை, உள்ளே. ஊசி மாதிரி. இரண்டு விரலைச் சேர்த்து ஒரு பொருளை எடுத்தால் இன்னும் அதிகம். மற்ற இடமெல்லாம் சும்மா வீக்கம்.'

எல்லாம் எனக்குப் புரிந்தது. கதவில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. நான் டாக்டரிடம் சொன்னேன்: "மணிக்கட்டு வலிக்குங்கா டாக்டர்."

"மணிக்கட்டு முழுசுமா?"

"ஆமா."

அந்த 'ஆமா'வைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

"படத்துல முறிவு ஒண்ணும் தெரியல. நாரு இழுத்திருக்கும். கட்டு போட்டுக்கிடட்டும், மாத்திர தாரேன். பத்து நாள்ல கேக்கலேன்னா வாங்க. இன்னொண்ணு, பிறகு கட்டைவிரல் பக்கமா வலின்னு சொன்னா மட்டும் அசட்டையா விட்டுறாதீங்க. அங்கன ஒரு எலும்பு இருக்கு, உடைஞ்சாலும் மொதப் படத்துல தெரியாது. திரும்ப எடுத்துப் பாக்கணும்."

"சரிங்க டாக்டர்" என்றேன். எழுந்துவிட்டேன். அடுத்தவர் அதற்குள் உள்ளே வந்து நாற்காலி முதுகைப் பிடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள், 'என்ன சொன்னார்?'

'உடையவில்லை. பத்து நாள். சரியாகிவிடும்' என்று நான் கையால் சொன்னேன்.

ஒரே மாலையில், ஒரே அறை வாசலில், இரண்டு பக்கமும் சுருக்கிவிட்டேன். அவள் சொன்ன குழி டாக்டருக்குப் போகவில்லை. டாக்டர் சொன்ன எச்சரிக்கை அவளுக்குப் போகவில்லை. இரண்டும் என்னோடு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தன. வழியில் தோசை மாவு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழ்வீட்டு அக்கா காத்திருந்தார். முறியவில்லை என்றதும் தைரியமாகிவிட்டார். "முறியலேன்னா சுளுக்குதாம்ளா. வேப்பெண்ணெய இளஞ்சூடாக் காய்ச்சிப் பைய நீவி விடு. எங்க வீட்டு அவுகளுக்கு மொளங்கால்ல அப்படித்தான் சரியாச்சு." நான் நீவிவிட்டேன். தினமும் மாலை அலுவலகத்திலிருந்து வந்ததும், முகம்கூடக் கழுவாமல், கட்டை அவிழ்த்து எண்ணெய் போட்டு, கட்டைவிரலிலிருந்து முழங்கை வரைக்கும் இழுத்து இழுத்து நீவினேன். அவள் கையைப் பின்னால் இழுப்பாள். நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். உடைந்த எலும்பின் இரண்டு துண்டுகளைத் தினமும் ஒன்றோடொன்று உரசிவிட்டிருக்கிறேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பத்தாவது நாள் காலை. நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் 'நல்லா இருக்கா' என்று கேட்க, புருவத்தைத் தூக்கிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவோம். காட்டினேன். அவளும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவள் காட்டியது இடது கட்டைவிரல். அது என் கண்ணில் பட்டதுதான். மனதில் படவில்லை.

வீக்கம் வடிந்தது. கட்டையும் அவிழ்த்தாயிற்று. அவள் கணினிப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கேட்டவர்களிடம் "தேவ கிருபையில சரியாயிட்டு" என்று சொன்னேன். அதுவும் ஒரு வரிதான்.

ஆறு வாரம் கழிந்திருக்கும். மதியம் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்திருந்தபோது ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. மகளின் தோழி. அன்று வீடியோவில் பேசிக்கொண்டிருந்த அதே பெண். அவளுக்கும் காது கேட்காது. இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

'ஆன்ட்டி அவ ஏன் இடது கைல பேசுதா. ரொம்ப நாளா. எனக்குப் பாதி புரியல. வாய்ல சோறு வச்சிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. கேட்டா கோபப்படுதா.'

கடைசியில் ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தாள்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். என் மகளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். இந்தப் பெண் இருப்பது திசையன்விளையில். அவளுக்கு ஒரு கைபேசித் திரையில் தெரிந்தது எனக்கு ஆறு வாரமாகத் தெரியவில்லை.

அன்று மாலை நான் ஒன்றும் கேட்கவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். தலை வாரினாள், இடது கையில். ஊறுகாய் பாட்டிலைத் திறக்க வலது கையைக் கொண்டுபோய்விட்டு, பிறகு தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் திருகினாள். அப்பாவிடம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொன்னாள். இரண்டு கையும் வேண்டிய சொற்களுக்கு ஒரு கையை மட்டும் அசைத்து, மற்றதற்குப் பதிலாகச் சுவரையோ மேசையையோ பயன்படுத்தினாள். வலது கை மடியில் கிடந்தது, உறங்குகிற பிள்ளையை வைத்திருப்பதுபோல.

"என்னங்க, அவ இடது கையில பேசுதா பாத்தீயளா?"

"பாத்தேனே" என்றார். "பத்து இருபது நாளா அப்படித்தான் பண்ணுதா. ஏதோ புது ஸ்டைலுன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலது கையை எடுத்து, கட்டைவிரலை விரிக்கச் சொல்லி, அந்தக் குழியில் என் விரலை வைத்து அமுக்கினேன்.

அவள் குரலை நாங்கள் அதிகம் கேட்டதில்லை. அன்று கேட்டோம். கீழ்வீட்டு அக்கா, "என்னளா ஆச்சு, பிள்ளைய அடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே பாதிப் படி ஏறிவிட்டார்.

கொஞ்சம் அடங்கியதும் அவளிடம் கேட்டேன், 'ஏன் சொல்லவில்லை?'

'முதல் நாளே சொன்னேன். டாக்டர் சரியாகிவிடும் என்று சொன்னதாக நீ சொன்னாய். ஆகவில்லை. நான்தான் ஏதோ தப்பாகச் செய்கிறேன் என்று நினைத்தேன்' என்றாள். இடது கையால், மெதுவாக, நான் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

இந்தத் தடவை கைக்கென்றே தனியாக இருக்கிற ஒரு மருத்துவரிடம் போனோம். வேறு கோணத்தில் படம், பிறகு சி.டி. ஸ்கேன். மருத்துவருக்கு ஐம்பது வயது இருக்கும். திரையில் எங்களுக்குக் காட்டினார். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. அதில் கட்டைவிரல் பக்கம் இருப்பதற்கு ஸ்கேபாய்டு என்று பெயர். பார்க்க முந்திரிப் பருப்பு மாதிரி இருந்தது. ஏறக்குறைய அந்த அளவுதான். அதன் இடுப்பில், குறுக்கே, பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு கறுப்புக் கோடு.

"எந்த ஊரும்மா?"

"சொந்த ஊரு முக்கூடல் பக்கம், டாக்டர்."

"அப்போ சொல்லுறது வெளங்கும். வயலுக்குத் தண்ணி தலைமடையில நொழஞ்சு கடைமடைக்குப் போகும், சரியா? இந்த எலும்பு அப்படியே நேர் எதிர். ரத்தம் விரல் பக்கத்துல உள்ள நொழஞ்சு, பின்னால திரும்பி வருது. நடுவுல வாய்க்கா அறுந்து போச்சுன்னா பின்னால இருக்க துண்டுக்குப் பாய வேற வழி கெடையாது. அதான் இது சீக்கிரம் ஒட்டாது. ரொம்ப நாள் விட்டா அந்தத் துண்டு காஞ்சும் போகும். எத்தன வாரமாச்சு?"

"ஆறு."

பேனாவைக் கீழே வைத்தார். "மொத நாளே கட்டைவிரல் பக்கம் வலின்னு பிள்ள சொல்லலியா?"

மகள் என் முழங்கையை இழுத்தாள். 'என்ன கேட்கிறார்?'

நான் அந்தக் கேள்வியை அப்படியே, ஒரு சொல் குறையாமல் அவளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டாக்டரிடம் திரும்பினேன். "சொன்னா டாக்டர். நாந்தான் சொல்லல."

அவர் பேனாவைத் திரும்ப எடுத்தார். இரண்டு வழி இருக்கிறது என்றார். மாவுக்கட்டு போட்டு மூன்று மாதம்போலக் காத்திருந்து பார்க்கலாம். இவ்வளவு தாமதமான பிறகு ஒட்டும் என்று உறுதி சொல்ல முடியாது. அல்லது அறுவை செய்து, உள்ளே ஒரு சிறிய திருகாணியை இறக்கி, தேவைப்பட்டால் பக்கத்து எலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி வைத்து, இரண்டு துண்டையும் இறுக்கலாம். அதிலும் ஒட்டாமல் போகிறவர்கள் உண்டு. இரண்டிலும் ஒட்டாவிட்டால் மணிக்கட்டு நாளாக ஆகத் தேய்ந்து இறுகிப்போகும்.

"இறுகிப்போனா?"

"மத்தவங்களுக்குன்னா வேலை செய்ய சிரமம்" என்றார். மகளின் கையைப் பார்த்துவிட்டு, "இவுகளுக்குப் பேச்சு" என்றார்.

அதுதான் விஷயம். பேசுகிற பிள்ளைக்கு நாக்கில் பாதி செயல்படாமல் போவதற்குச் சமம். அவளுடைய மொழி முழுக்க மணிக்கட்டின் திருப்பத்திலும், கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடுகிற விதத்திலும் இருக்கிறது.

இதையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, என்னிடம் சொல் இல்லை. எனக்குத் தெரிந்தவை வீட்டுச் சொற்கள். சாப்பிடு, குளி, பஸ், கோபம், ஞாயிற்றுக்கிழமை, மழை, அப்பா எப்போ வருவார். 'ரத்த ஓட்டம்' இல்லை. 'திருகாணி' இல்லை. 'ஒட்டாமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது' என்பதற்கு எதுவுமே இல்லை. பத்தொன்பது வருஷத்தில் நான் கற்றது அவ்வளவுதான். அவள் பள்ளியில் பெற்றோருக்கு மாலை வகுப்பு நடத்தினார்கள். மூன்று வாரம் போனேன், பிறகு வேலை என்று நின்றுவிட்டேன். இப்போது நான் ஆணி அடிப்பதுபோல, முந்திரிப் பருப்பைக் கடிப்பதுபோல ஏதேதோ காட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகள் இடது கையால் என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாள். எங்கள் வீட்டில் அதற்குப் பொருள் 'போதும், வாயை மூடு'. பிறகு சொன்னாள்: 'நீ வேண்டாம். அவளுடைய அக்காவை வரச் சொல்.'

தோழியின் அக்கா. அந்த வீட்டில் அப்பா, அம்மா, தோழி மூவருக்கும் காது கேட்காது. அக்கா ஒருத்திக்குத்தான் கேட்கும். திசையன்விளையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். காது கேட்காதவர்களுக்கு வங்கி, காவல் நிலையம், பிரசவம் என்று எங்கே தேவைப்பட்டாலும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறவள் என்று என் மகள் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட நான் கவனமாகக் கேட்டதில்லை.

"அடுத்த புதன்கிழமை காலம்பர எட்டரைக்கு வாங்க" என்றார் டாக்டர். "ஒம்பது மணிக்கு நான் தியேட்டருக்குள்ள போயிருவேன். முடிவ அவதான் சொல்லணும், மேஜர் பிள்ள. அதுவரை கட்டைவிரலையும் சேத்துக் கட்டுப் போட்டுவிடுதேன். அசைக்கக் கூடாது."

வீட்டில் என் கணவருக்குக் கோபம். "நம்ம பிள்ள பேசுறத வேத்து ஆளு வந்து நமக்குச் சொல்லணுமோ? பெத்தவுக எதுக்கு இருக்கோம்?"

"நீங்க சொல்லுதீயளா? திருகாணிக்கு என்ன காட்டுவீய?"

அவர் வலது கையைத் தூக்கி, விரலைத் திருகிக் காட்டினார்.

"அது பல்பு மாத்துறதுக்கு."

"ஆமா, அதுவுந்தான்" என்றார். கையை இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார். எனக்கும் உள்ளுக்குள் அவருடைய கோபம்தான் இருந்தது. நான் வெளியே காட்டவில்லை, காரணம் எனக்கு அந்த உரிமை போய்விட்டது என்று நினைத்தேன்.

அந்த வாரம் மனு நாளில் ஒரு பெரியவர் வந்தார். கடைமடைதான், தண்ணீர்தான். நான் முதல்முறையாக அவர் முடிக்கும் வரை கேட்டேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. முடிவில் நான் எழுதியது அதே ஒரு வரிதான். பத்தியில் அவ்வளவுதான் இடம். எழுதி முடித்தும் பேனாவை மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எம்மா, உடம்புக்கு என்ன செய்யுது?" என்று அவரே கேட்டுவிட்டுப் போனார்.

இதை எழுதுகிற இன்றைக்கு அறுவை முடிந்து நாலு மாதம் ஆகிறது. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. கோடு மறைந்துவருகிறது என்று கடைசிப் படத்தைப் பார்த்து டாக்டர் சொன்னார். முழுவதும் ஒட்டிவிட்டது என்று இன்னும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் அவள் விரல்களைக் கட்டைவிரலோடு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். சுண்டுவிரல்வரை போனால் அன்றைக்கு நல்ல நாள். நானும் வாசல் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். மாலையில் நான் அவள் பள்ளியின் சைகை மொழி வகுப்புக்குப் போகிறேன். மூன்று வாரம் தாண்டிவிட்டேன். என் விரல்கள் தடித்தவை, சிறு பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமை.

எட்டு இருபதுக்கே போய்விட்டோம். வருவதாகச் சொல்லியிருந்த தோழியின் அக்கா எட்டரைக்கு வரவில்லை. எட்டு முப்பத்தைந்துக்கு போன் வந்தது. "ஆன்ட்டி, நாங்குநேரி தாண்டி பஸ்ஸு பஞ்சராயிட்டு. வேற பஸ்ஸுல ஏறிட்டேன். நின்னுக்கிட்டுத்தான் வாரேன். டாக்டர விட்டுறாதீங்க, என்ன."

என் கணவர் வாசலுக்கும் உள்ளேயுமாக நடந்தார். வெளியே ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம், "அண்ணாச்சி, திசையன்வெள பஸ்ஸு எந்தப் பக்கமா வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கே வரும் என்று நினைத்தாரோ என்னவோ.

எட்டு ஐம்பதுக்கு டாக்டர் பச்சைச் சட்டையோடு வந்துவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். "அவுக வரலியா? நேரமாயிட்டேம்மா. இன்னைக்கு விட்டா நான் அடுத்த வாரம் ஊர்ல இல்ல. ஏற்கெனவே ஏழு வாரத்துக்கு மேல ஆச்சு, இதுக்கு மேல தள்ள முடியாது. நீங்களே மெதுவாச் சொல்லி ஒரு பதில் வாங்குங்க."

நான் மகளின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்க மாட்டேன் என்பதற்கு அவளுக்கு இருக்கிற ஒரே வழி அது. சின்னப் பிள்ளையில் அப்படிச் செய்தால் இமையைப் பிடித்துத் திறந்திருக்கிறேன். அன்று என் கை அந்தரத்தில் நின்றது. டாக்டர் நின்றார். நர்ஸ் நின்றார். மகள் கண்ணை மூடியபடி, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் என் கையை இறக்கிக்கொண்டேன். "ஒரு அஞ்சு நிமிஷம் டாக்டர்" என்றேன்.

ஒன்பதுக்கு நாலு நிமிடம் இருக்கையில் கதவு திறந்தது. ஒல்லியான பெண், முப்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் ஜெராக்ஸ் மை. மூச்சு வாங்கியது. பின்னால் என் கணவர், அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு. அவள் என் மகளின் தோளை ஒரு விரலால் தட்டினாள். மகள் கண்ணைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க எந்திரிச்சு அங்கன உக்காருங்க" என்றாள் என்னிடம். "அவ என்னையும் டாக்டரையும் சேத்துப் பாக்கணும்." நான் எழுந்து சுவரோரம் போனேன். "சார், நீங்க என்னப் பாத்துப் பேச வேண்டாம், அவளப் பாத்துப் பேசுங்க. நான் 'எனக்கு'ன்னு சொன்னா அது அவளுக்குன்னு வச்சிக்கிடுங்க. விட்டுப் போகாம சொல்லுவேன்."

டாக்டர் உட்கார்ந்தார். மகளைப் பார்த்து, எலும்பு, ரத்தம், வாய்க்கால், திருகாணி, ஒட்டாமல் போகும் வாய்ப்பு, எல்லாம் சொன்னார். மை படிந்த விரல்கள் ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே போயின. என் மகள் தலையசைத்தாள், குறுக்கே கேட்டாள், திரும்பக் கேட்டாள். அவளுடைய கேள்விகள் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்தன: மரத்துப்போக ஊசி போட்டால் தூங்கிவிடுவேனா? எத்தனை மணி நேரம்? எழும்போது வலது கை மரத்தே இருக்குமா? திருகாணி எப்போதும் உள்ளேயே இருக்குமா? பத்தொன்பது வருஷத்தில் என் மகள் ஒரே மூச்சில் இவ்வளவு கேட்டு நான் கேட்டதில்லை. என் கணவர் பையைக் கீழே வைக்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் டாக்டர், "அப்போ என்ன செய்யலாம்?" என்றார். அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

என் மகள் இடது கையால் நீளமாகச் சொன்னாள். தோழியின் அக்கா பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஆபரேஷன் பண்ணுங்க. எனக்குச் சம்மதம். ஆனா ஒண்ணு. குளுக்கோஸ் ஏத்துற ஊசிய இடது கையில குத்திக் கட்டிராதீங்க. கால்ல போடுங்க. தூக்கம் தெளியும்போது வலது கை மரத்துக் கெடக்கும்னு சொல்லுதீங்க, இடது கையையும் கட்டிப்போட்டா எனக்கு எங்கன வலிக்குன்னு நான் எப்படிச் சொல்ல?"